யோபுவின் பத்துப் பிள்ளைகள்

எங்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை திங்கட்கிழமையில்தான் வருகின்றது. ஞாயிறு மத்தியானம் றெஸ்ரோறன்ற் நிரம்பி வழியும். அந்நேரம் பூசைக்குப் போகவேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுப்பார்த்தவர்களுக்கு அதன் பதிலும் தெரியும். கடை பூட்டியிருக்கும் திங்களிலோ எங்களுக்கெனத் தமிழ்ப் பூசை இல்லை. பாரிசின் புறநகரொன்றில், ஒரு களஞ்சியத்தின் மேல்மாடியில் நடக்கும் திங்கட்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நாங்கள் போகத் தொடங்கியது இப்படித்தான். நாங்கள் மன்னார்க் கரையிலும் தீவுப்பகுதியிலும் கத்தோலிக்கராய்ப் பிறந்து, ஞானோபதேசம் படித்து, பூசைக்கு உதவி செய்து வளர்ந்தவர்கள். சபை மாறும் எண்ணமெல்லாம் எங்களுக்கு இருக்கவில்லை. அங்கே சூடான தேநீர் தந்தார்கள், ரோல்ஸ் தந்தார்கள், எங்கள் பெயரைக் கேட்டு அடுத்த கிழமையும் அதை ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆறு நாளும் பெயரில்லாமல் கோப்பை கழுவுகின்றவனுக்கு இது சிறிய விடயமல்ல. இதனை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். பின்னால் நாங்கள் எழுதப்போவதை வாசித்துவிட்டு நன்றிகெட்டவர்கள் என்று எவரும் சொல்லக்கூடாது.

கடந்த மாரியில் அந்தக் கூட்டத்துக்கு வேறு நாட்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். யோபுவைப் பற்றிப் பேசினார். நல்ல குரல். யோபு எல்லாவற்றையும் இழந்தும் பொறுத்திருந்தான், ஆகவே கர்த்தர் அவனுக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்றார். ஏழாயிரம் ஆடுகள் பதினாலாயிரமாயின, மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரமாயின என்று கைவிரல்களை மடக்கிக் கணக்குச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நீங்களும் முறுமுறுக்காமல் பொறுத்திருந்தால் இழந்த காணிக்கு இரண்டு காணி, இழந்த வீட்டுக்கு இரண்டு வீடு என்றார். சனம் அல்லேலூயா சொன்னது. நாங்களும் சொன்னோம்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழும்பினார். அறுபது வயதைத் தாண்டியவர், மகளோடு வந்து இங்கு தங்கியிருப்பவர். 2009 மே 18இல் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, இன்றுவரை அவனைத் தேடிக்கொண்டிருப்பவர். "ஐயா, ஒரு கேள்வி. ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாய் வந்தது சரி. பிள்ளையள் ஏன் இரட்டிப்பாய் வரேல்லை? முதலும் பத்துத்தானே, பிறகும் பத்துத்தானே?" என்றார்.

அந்த மண்டபத்தில் இருந்த எவரும், பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் குந்தியிருந்துவிட்டு வந்த எங்களில் சிலர் உட்பட, அந்தக் கணக்கை அதுவரை பார்த்திருக்கவில்லை. பிரசங்கியார் பார்த்திருந்தார். அவரிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. முதல் பத்துப் பிள்ளைகளும் பரலோகத்தில் உயிரோடுதான் இருக்கிறார்கள் அம்மா, பூமியில் பத்து, பரலோகத்தில் பத்து, ஆக மொத்தம் இருபது, அதுவும் இரட்டிப்புத்தான் என்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

அம்மா உட்காரவில்லை. "என்ரை பிள்ளை செத்துப்போனான் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

கீபோட்காரர் பாட்டை வாசிக்கத் தொடங்கினார். அன்றைய கூட்டம் அத்தோடு முடிந்தது. அந்தக் கேள்வியை எங்களால் அந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டு வரமுடியவில்லை. நாலைந்து பேராகக் கடைசி மெற்றோவில் திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு பல திங்கட்கிழமைகளில் பேசியதன் சுருக்கமே இது.

எங்கள் முதலாவது குற்றச்சாட்டு, துன்பத்தை ஒரு வியாபார ஒப்பந்தமாக்கி எங்களுக்கு விற்பவர்கள் மீது. இவ்வளவு காலம் பொறுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்பது விசுவாசமல்ல, சீட்டுப் பிடிப்பது. சீட்டுக்காரன் ஓடினாலாவது அவன் வீட்டு வாசலில் நின்று நாலு கேள்வி கேட்கலாம். இங்கே ஏலம் கிடைக்காதவனைப் பார்த்து உன் விசுவாசம் போதாது என்கிறார்கள். எங்களோடு ஒரே குசினியில் வேலைசெய்த ஒருவருக்கு அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. மீளாய்வுக்குப் போட்டதும் நிராகரிக்கப்பட்டது. மூன்றாவது முறை கடிதம் வந்த கிழமை அவர் ஜெபிக்கக் கேட்டு வந்தபோது, உங்களுக்குள் மறைந்திருக்கும் பாவம் எது என்று எல்லோர் முன்னாலும் விசாரித்தார்கள். அவர் நெடுநேரம் யோசித்தார். உண்மையாகவே தேடிப்பார்த்தார். பிறகு, சின்னவயதில் கோவில் உண்டியலிலிருந்து ஒருதரம் காசு எடுத்ததாகச் சொன்னார். அதற்காக மன்றாடினார்கள். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வேறொரு நகரத்துக்குப் போய்விட்டார்.

நாங்களும் அந்த மன்றாட்டில் கை உயர்த்தினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்களில் விசா கிடைத்த ஒவ்வொருவரும் மேடையேறிச் சாட்சி சொன்னோம். கர்த்தர் கதவைத் திறந்தார் என்றோம். வழக்கறிஞரையும், காயங்களுக்கு மருத்துவ அறிக்கை எழுதித் தந்த வைத்தியரையும், ஊரிலிருந்து கடிதங்களைத் தேடி அனுப்பிய தங்கச்சியையும் சாட்சியில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கதை நீண்டுவிடும், அல்லேலூயாவுக்கு இடம் வராது. விசா கிடைக்காதவர்களுக்குச் சாட்சி சொல்லும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை என்பது அப்போது எங்கள் கண்ணில் படவில்லை. கர்த்தர் எங்களுக்குக் கதவைத் திறந்தார் என்றால், பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்கு அதைச் சாத்தியது யார்? அந்தச் சாட்சியில் இந்தக் கேள்வியும் சேர்ந்தேயிருந்தது.

யோபுவின் புத்தகத்தை நாங்கள் பிறகு முழுவதுமாக வாசித்தோம். நாற்பத்திரண்டு அதிகாரம். பிரசங்கத்தில் வருவது முதலிரண்டும் கடைசியும்தான். நடுவில் கிடப்பது முழுக்க வாக்குவாதம். யோபு முறுமுறுக்காதவன் என்று சொல்பவர்கள் மூன்றாம் அதிகாரத்தையாவது திறந்து பார்க்கட்டும். தான் பிறந்த நாளையே சபிக்கின்றான். கடவுளை வழக்குக்கு அழைக்கின்றான். தன் வாதங்களை எழுதிவைக்கவேண்டும் என்கின்றான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று சிநேகிதர்களும் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். வந்து ஏழு நாள் அவனோடு தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அவர்கள் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், தாழ்ந்துபோ, எல்லாம் சரியாகும் என்று மாறி மாறிப் பிரசங்கிக்கிறார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் யார்மீது கோபிக்கின்றார்? கத்திய யோபு மீதல்ல. கடவுளுக்காக வாதாடியதாக நினைத்துக்கொண்டிருந்த இந்தச் சிநேகிதர்கள் மீது. தன்னைப்பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு, நீங்களல்ல என்று அவர்களிடமே சொல்லிவிடுகின்றார். அவர்கள் தப்புவதற்கு யோபு அவர்களுக்காக மன்றாட வேண்டியிருக்கின்றது! யோபுவின் பெயரால் எங்களுக்குப் பிரசங்கிப்பவர்கள் பேசுவது எலிப்பாசின் வசனங்களை. இதைக் கண்டுபிடிக்க வேதசாஸ்திரக் கல்லூரி தேவையில்லை, கடைசி அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் போதும்.

இன்னொன்றையும் கவனித்தோம். யோபுவின் பொறுமை என்ற பேச்சுக்கு யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், பதினோராம் வசனத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அதே அதிகாரத்தில், ஏழு வசனங்களுக்கு முன்னால், வயலில் அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்திருக்கும் பணக்காரரைப் பற்றி யாக்கோபு எழுதியிருக்கின்றார். அந்தக் கூலியே கூக்குரலிடுகின்றது என்கின்ற வகையில் எழுதியிருக்கின்றார். எங்கள் சம்பளச் சீட்டில் ஒருநாளைக்கு நாலு மணித்தியாலம் என்று போட்டிருக்கும். சட்டியும் கோப்பையும் கழுவியது பத்து, பன்னிரண்டு. மிச்சத்தைக் கையில் தருவதாகச் சொல்லி மாசக்கணக்கில் இழுத்தடித்த முதலாளியொருவர், தமிழர், கூட்டத்தில் முன்வரிசையில் கண்மூடி நிற்பார். நாலாம் வசனத்தை அந்த மண்டபத்தில் எவரும் வாசித்து நாங்கள் கேட்டதில்லை. கையில் கிடைத்ததில் தசமபாகம் எவ்வளவு என்பது மட்டும் ஒவ்வொரு கிழமையும் ஞாபகமூட்டப்பட்டது. பொறுமை என்ற சொல்லில் முதலாளிக்கு இருக்கும் பிரியம் எங்களுக்கு இப்போது விளங்குகின்றது.

சொல்லிலேயே ஒரு சூட்சுமம் இருக்கின்றது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லொன்று, பாரத்தின் கீழ் விட்டோடாமல் நிற்றல் என்ற பொருளுடையது. எங்கள் பாட்டன் பாட்டி காலத்துப் பழைய மொழிபெயர்ப்பில் அது 'பொறுமை' என்று வந்தது. 1995இல் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் அது பல இடங்களில் 'மனவுறுதி' என்று வருகின்றது. பொறுமையாயிரு என்று மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் சொல்லலாம். மனவுறுதியாயிரு என்று அவ்வளவு இலேசாகச் சொல்லமுடியாது. சொன்னால் அவன் அப்படியே இருந்துவிடக்கூடும்.

இனி எங்கள் சொந்த வீட்டுக்கு வருவோம். சபைக்காரரை மட்டும் அடித்துவிட்டு எங்கள் கத்தோலிக்கக் குருமாரை விட்டுவிட்டால் அது நேர்மையல்ல. அவர்களிடம் இரட்டிப்புக் கணக்கு இல்லை. அவர்களிடமுள்ளது மன்னிப்பு. ஊரிலிருந்தும் இங்கிருந்தும் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுவிட்டோம்: மன்னியுங்கள், மறவுங்கள், சிலுவையில் ஆண்டவர் மன்னிக்கவில்லையா? முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்தபோது நாங்கள் மனப்பாடம் பண்ணிய ஞானோபதேசத்தில், பாவமன்னிப்புக்கு மனஸ்தாபம் வேண்டும், பாவத்தை வாயால் சொல்லவேண்டும், பரிகாரம் செய்யவேண்டும், களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று படித்தோம். பத்து வயதுப் பிள்ளை மாங்காய் களவெடுத்தால் இவ்வளவும் வேண்டும். ஓர் அரசு பஸ்சில் ஏற்றிக்கொண்டுபோன மனிதர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதற்கு மட்டும் மனஸ்தாபமும் வேண்டாம், பரிகாரமும் வேண்டாம், பட்டவள் முந்திக்கொண்டு மன்னித்துவிடவேண்டும் என்றால் இது எந்த ஞானோபதேசம்? தன் மனதின் அமைதிக்காக ஒரு தாய் மன்னித்தால் அதைக் கேள்வி கேட்க நாங்கள் யார். அதை அவளிடம் ஒரு கடமையாகக் கேட்பதைத்தான் எதிர்க்கின்றோம்.

எங்கள் திருச்சபைக்கு இது தெரியாததல்ல. 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். 1995 ஜூலை 9இல், இடம்பெயர்ந்து களைத்துப்போன சனம் தங்கியிருந்த நவாலி புனித பேதுருவானவர் கோவில் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1999 நவம்பரில் மடுவிலேயே, மாதாவின் காலடி என்று ஓடிப்போனவர்கள் மீது எறிகணை விழுந்தது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிக் கோவிலில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது எறிகணை விழுந்து ஒரு கிழமையில் அதன் பங்குக்குரு ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு பஸ்சில் ஏறிய பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் திரும்பி வரவில்லை. இந்தப் பட்டியலை ஒவ்வொரு வருடமும் வாசிக்கும் எம்மவர்கள், அதே 2009இல் வலைஞர்மடத்துக் கோவிலில் ஒளித்திருந்த இளம் பெடியளையும் பெட்டையளையும் புலிகள் அடித்து இழுத்து பஸ்சில் ஏற்றிக்கொண்டு போனதை அதில் சேர்ப்பதில்லை. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் அதுவும் இருக்கின்றது. பட்டியலைக் கத்தரிப்பவன் சாட்சியாளனல்ல. இதைச் சொன்னதற்காக எங்களோடு கதைக்காமல் விடுபவர்கள் விடட்டும்.

விசுவாசத்தில் நிலைத்து நிற்பது எப்படியிருக்கும் என்பதற்கு எங்களுக்கு ஓர் உதாரணம் இருக்கின்றது, அது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்த மக்கள் தொகை, அரச அதிகாரிகளின் பதிவின்படி, 429,059. 2009 ஜூலை அளவில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 146,679. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில், அரசாங்கமே நியமித்த ஆணைக்குழுவின் முன் இருந்து, இந்த 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கூட்டல் கழித்தலுக்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. அதற்காக அவரைத் துரோகி என்று திட்டினார்கள், விசாரித்தார்கள். அவர் 2021 ஏப்ரல் முதலாம் திகதி, பெரிய வியாழனன்று காலமானார். கேள்விக்குப் பதில் வரவில்லை. கைதட்டலோடு இருபது என்று கணக்குக் காட்டிய பிரசங்கியாரையும், பதில் வராத கணக்கோடு இறந்துபோன ஆயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இருவரும் ஒரே வேதத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகின்றாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதியாத நீதிபதியிடம் போய்ப் போய் அவனை அலுப்படையச் செய்கின்றாள். யேசு ஓயாமல் மன்றாடுவதற்கு உதாரணமாக எடுத்துக்காட்டியது கண்மூடி முழந்தாளிட்ட ஒருத்தியையல்ல, நீதிமன்ற வாசலில் கத்திய இந்த மனுசியை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் வாசலில் குந்திய தாய்மாரும், அதைத் தொடர்ந்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மற்ற ஊர்களிலும் குந்தியவர்களும் இந்த உவமையை வாசித்துவிட்டு வந்தவர்களல்ல. பெரும்பாலோர் சைவர்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். அந்தக் கொட்டிலில்தான் அந்த அதிகாரம் வாழ்ந்து காட்டப்பட்டது, எங்கள் மண்டபத்தில் அல்ல.

எங்கள் இலக்கியச் சந்திப்பு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவும் தெரிந்தும் ஏன் இன்னும் கோவில், பூசை, செபமாலை என்று திரிகிறீர்கள், மதம் அபின்தானே என்று கேட்கிறார்கள். அந்த ஒரு சொல்லை 1844இல் இதே பாரிசில் அச்சாகிய ஒரு சஞ்சிகையில் மார்க்ஸ் எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களை வாசித்துவிட்டு வாருங்கள், பேசுவோம். மேலும் ஒன்று. இரவு ஒரு மணிக்கு கொழுப்புப் பிடித்த கைகளோடு அறைக்குத் திரும்பி, ஆறு பேர் படுக்கும் அறையில் சத்தமில்லாமல் ஒரு பத்துமணி செபமாலை சொல்லி முடிக்கின்றவனுக்கு அது மயக்கமருந்தா, விழித்திருப்பதற்கான வழியா என்பதை அவனிடமே கேட்கவேண்டும். எங்களில் சிலருக்கு அந்தச் செபத்தில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பழக்கம் உண்டு. அது இல்லாவிட்டால் அந்தப் பெயர்களை இந்நேரம் மறந்திருப்போம். கூட்டத்தை விட்டுப்போன அந்த நண்பர் சென்ற நத்தாருக்குப் போன் எடுத்து, "இன்னும் நம்புறீங்களோடா?" என்று கேட்டபோது இதைத்தான் சொல்ல முயன்றோம். சரியாகச் சொல்ல வரவில்லை. அவர் வைத்துவிட்டார்.

அம்மாவின் கதை இன்னும் முடியவில்லை. அவரது மகனின் பிறந்தநாள் பங்குனியில் வருகின்றது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, மகனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்க விரும்பி எங்களையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனார். கருத்து எழுதும் துண்டு ஒன்று தந்தார்கள். அதில் இரண்டு வகைதான் வழக்கம்: இறந்தவரின் ஆத்ம இளைப்பாற்றிக்காக, அல்லது பெற்ற நன்மைகளுக்கு நன்றியாக. முதலாவதை எழுதினால் அவர் மகனைத் தன் கையாலேயே புதைத்தவராவார். மரணச் சான்றிதழும் இழப்பீடும் வேண்டாம் என்று சொன்ன அத்தனை தாய்மாரும் செய்ய மறுத்தது அதைத்தான். இரண்டாவதை எழுத அவருக்கு நன்றி சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாயிரம் வருடப் பழமையுள்ள எங்கள் வழிபாட்டில் செத்தவனுக்கு இடமுண்டு, உயிரோடிருப்பவனுக்கு இடமுண்டு, காணாமற்போனவனுக்கு ஒரு துண்டு இல்லை. இதைத்தான் எங்கள் குருமாரிடம் இந்தப் பக்கங்களினூடாகக் கேட்கின்றோம்: கார்த்திகை இரண்டாம் திகதி மரித்த விசுவாசிகளுக்கு என்றால், காணாமற்போனவர்களுக்கு எந்தத் திகதி? பெயர்களை வாசிக்க ஒரு நாள் தாருங்கள். எல்லாப் பெயர்களையும். அரசு கொண்டுபோனவர்கள், இயக்கங்கள் கொண்டுபோனவர்கள், சைவர், வேதக்காரர், முஸ்லிம்கள்.

அம்மா அந்தத் துண்டில் இரண்டு வகையையும் வெட்டிவிட்டு, 'எங்கே என்று கேட்பதற்காக' என்று எழுதிக் கொடுத்தார். பூசையில் சுவாமியார் அதை ஒரு விசேட கருத்துக்காக என்று வாசித்தார். வெளியே வந்ததும், எழுத்துச் சின்னனாயிருந்ததால் சுவாமிக்குக் கண் பிடிக்கேல்லைப்போல, வாற பங்குனிக்குப் பெரிசா எழுதித் தாறன் என்றார் அம்மா. மொத்த எழுத்து எழுதும் பேனை ஒன்று றெஸ்ரோறன்றில் இருக்கின்றது, கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதுவது. அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றோம்.